மோக்கா பாட்: ருசி சரி, அடுப்பில் நிற்க வேண்டாமா?

போன வாரம் என் மூன்று கப் மோக்கா பாட்டுக்கு (அடிப்பாத்திரத்துத் தண்ணீர் சூட்டின் அழுத்தத்தில் பொடி வழியாக மேல்பாத்திரத்துக்கு ஏறி டிகாக்‌ஷனாகும் அலுமினியப் பாத்திரம்) ரப்பர் வாஷர் மாற்றினேன். பழையது காய்ந்து இறுகிப்போய், மரை வழியாக டிகாக்‌ஷன் கசிய ஆரம்பித்திருந்தது. கூட இருந்த நண்பர், "கேம்பிங்குக்கு நானும் ஒன்று வாங்கட்டுமா?" என்றார். வேண்டாம் என்றேன். வாயில் சட்டென்று வந்தது அதுதான்.

ருசியில் குறையே இல்லை. கேம்பிங் என்றால் எங்களுக்குக் கொடைக்கானல் பக்கம், 2,100 மீட்டர் உயரம். அங்கே தண்ணீர் 93 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும். எவர்சில்வர் ஃபில்டரில் ஊற்றினால் அந்தக் குளிரில் சொட்டி முடிப்பதற்குள் ஆறிப்போகும். மோக்கா பாட் என்றால் ஐந்தாறு நிமிஷம் போதும். அடிப்பாத்திரத்தில் வால்வுக்குக் கீழே வரை சுடுதண்ணீர், பொடியை அழுத்தாமல் நிரவி, சிறு தீ. முதலில் கருப்பாக, மெதுவாக, நூல் போல ஏறி வரும். நிறம் வெளுத்து, புஸ்ஸென்று நுரைக்கும் முன் இறக்கிவிட வேண்டும், விட்டால் கசப்புதான். தாண்டிக்குடி வழியாக ஏறினால் அங்கேயே விளைந்த காப்பிக்கொட்டையின் பொடி வாங்கிக்கொள்ளலாம். சிக்கரி கலந்த நைஸ் பொடி மட்டும் வேண்டாம், சல்லடையை அடைத்துக்கொள்ளும்.

சரி, எரிச்சலுக்கு வருவோம். 1933இல் இத்தாலியில் வீட்டு அடுப்பை மனதில் வைத்துச் செய்த சாமான் இது. அடி சின்னது. கேஸ் கேன் மேல் திருகும் குட்டி அடுப்புக்கோ மூன்றே கம்பிக் கால், நடுவே வெற்றிடம். கொடைக்கானலை அடுத்த கூக்காலில் ஒரு விடியற்காலை, டிகாக்‌ஷன் பாதி ஏறியிருக்கும்போது பாட் சாய்ந்து, மொத்தமும் புல்லுக்குப் போயிற்று. அதிலிருந்து அப்பளம் சுடும் கம்பி வலையை அடியில் வைக்கிறேன். நிற்கிறது. ஆனால் தீ வலையில் பட்டுப் பரவி, கைப்பிடியின் கீழ்முனையை உருக்கிவிட்டது. இப்போது காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்த்து, கைப்பிடியை அந்தப் பக்கம் திருப்பி வைத்துவிட்டுத்தான் அடுப்பையே பற்ற வைக்கிறேன். ஒரு காப்பிக்கு இவ்வளவு சடங்கா!

நாலு பேர் போனால் இன்னும் மோசம். மூன்று கப் என்பது இத்தாலிக்காரர்கள் கணக்கு; நமக்குப் பால் சேர்த்து இரண்டு டம்ளர். அடுத்த ஈடுக்கு, கொதிக்கிற அலுமினியம் ஆறும்வரை திருகித் திறக்க முடியாது. மிச்ச இரண்டு பேர் முகத்தைப் பார்க்கவே கூடாது.

தனியாகப் போகும்போது நான் எடுத்துப்போவது இதைத்தான், மறைப்பானேன். நண்பர் போவது கூட்டத்தோடு. வீட்டிலேயே திக்காக டிகாக்‌ஷன் இறக்கி பாட்டிலில் கொண்டுபோகட்டும், அங்கே பாலை மட்டும் காய்ச்சினால் போதும். ருசி ஒரு படி கம்மிதான், சண்டை வராது.