நீர் வற்றிய நீர்த்தேக்கத்தில் வள்ளம் இறக்க: ட்ரெய்லரா, உருளையா?

இலங்கை மலைநாட்டு நீர்த்தேக்கங்களில் காசல்ரீ விமலசுரேந்திர மின்நிலையத்துக்கும் மவுசாக்கலை கெனியன் மின்நிலையத்துக்கும் தண்ணீர் கொடுக்கின்றன. தென்மேல் பருவமழை மே மாதம் இறங்கும்வரை எடுப்பு அதிகம், வரத்துக் குறைவு. அதனால் பெப்ரவரியிலிருந்து ஏப்ரல்வரை கரை கீழே போய்க்கொண்டே இருக்கும். நீர்மட்டம் ஒரு மீற்றர் இறங்கினால், எட்டுக்கு ஒன்று சரிவுள்ள கொங்கிரீட் தளத்தில் தண்ணீர் எட்டு மீற்றர் விலகும். இருபதுக்கு ஒன்று என்று படுத்துக் கிடக்கும் சேற்றுத் திட்டிலோ இருபது மீற்றர் விலகும். கொங்கிரீட் முடிந்து, சேறு தொடங்கி, அதற்கப்பால் எங்கேயோ தண்ணீர் என்ற நிலையில்தான் எப்படி இறக்குவது என்ற பேச்சே வருகிறது.

வழிகள் மூன்று. ட்ரெய்லரில் வைத்து டிராக்டரால் தள்ளுவது, பலகை போட்டு உருளை மேல் கையால் நகர்த்துவது, வள்ளத்தைக் கரைக்கே கொண்டுவராமல் தண்ணீரிலேயே கட்டிப்போடுவது. 14 முதல் 16 அடி வரையான பைபர் வள்ளம், எஞ்சின் கழற்றிய நிலையில் 200, 250 கிலோவுக்குள் என்றால் என் தேர்வு உருளைதான். இறக்குவதை மட்டும் பார்த்தால் மூன்றுமே ஓடும். சாயங்காலம் திரும்பி ஏற்றும்போதுதான் வித்தியாசம் தெரியும்.

ட்ரெய்லரின் நல்லது எல்லாருக்கும் தெரிந்தது: வேகம், ஆள் குறைவு, வீட்டு வாசல்வரை கொண்டுபோகலாம். கொங்கிரீட்டின் கடைசி விளிம்பு தண்ணீருக்குள் இரண்டு அடியாவது இருக்கும்வரை அதை மிஞ்ச ஒன்றுமில்லை. விளிம்பு வெளியே வந்துவிட்டால் கதை மாறும். அலையும், மேலிருந்து வழியும் மழைநீரும், எஞ்சினை முறுக்கி வள்ளத்தை ட்ரெய்லரில் ஏற்றும் ஆட்களும் சேர்ந்து விளிம்புக்குக் கீழே குழி அரித்து வைத்திருப்பார்கள். ஒரு முழ ஆழமுள்ள குழி போதும். ட்ரெய்லர் சக்கரம் தொப்பென்று விழும், அச்சு கொங்கிரீட்டில் இடிக்கும். திரும்ப இழுக்கும்போது சக்கரம் அந்த விளிம்பில் முட்டிக்கொண்டு ஏறாது. டிராக்டர்காரர் இன்னும் கொஞ்சம் முறுக்குவார், ஸ்பிரிங் கட்டு போய்விடும். இதே வழிதான் வேண்டும் என்பவர்கள் முதலில் ஒரு மூங்கிலால் விளிம்பைத் தட்டிப் பார்த்து அங்கேயே நட்டுவையுங்கள். மண் மூட்டை போட்டுக் குழியை நிரப்புங்கள். டிராக்டரைக் கொங்கிரீட்டிலேயே நிறுத்தி, இடையில் 20 அடி கயிறு போட்டு, ட்ரெய்லரை மட்டும் கீழே விடுங்கள்.

லேண்ட்மாஸ்டர், அதாவது கையால் பிடித்து ஓட்டும் இரண்டு சக்கர டிராக்டர், ஆசை சிலருக்கு வரும். சரிவில் இறங்கும்போது சுமை பின்னாலிருந்து தள்ளுவதால் அதன் திருப்பு கிளட்ச் தலைகீழாக வேலை செய்யும்: இடது பிடியை அழுத்தினால் வண்டி வலப்பக்கம் போகும். வயல்காரருக்கு இது பழக்கம். மற்றவர்கள் சேற்றுச் சரிவில் படித்துப் பார்க்கும் பாடம் அல்ல.

பெயரிங் பற்றியும் ஒரு வார்த்தை. ஹட்டன் பக்கத்து வளைவுகளில் இறங்கி வந்த ட்ரெய்லரின் சக்கரக் குடம் கை வைக்க முடியாத சூட்டில் இருக்கும். அப்படியே குளிர்ந்த தண்ணீருக்குள் இறக்கினால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, சீலைத் தாண்டித் தண்ணீரை உறிஞ்சும். கிரீஸ் பால் நிறமாகிவிட்டால் நடந்தது அதுதான். அரை மணி நேரம் ஆறவிடுவது பெயரிங் வாங்குவதைவிட மலிவு.

உருளைக்குத் தேவையானவை அதிகமில்லை. நான்கு அங்குலத் தடித்த வகை பீ.வீ.சி. குழாய், நான்கு அடித் துண்டுகளாக ஆறு. கழிவுநீருக்குப் போடும் மெல்லிய குழாய் வேண்டாம், இரண்டாம் நாளே பிளக்கும். பத்து அடி நீளம், ஒன்பது அங்குல அகலம், ஒன்றரை அங்குலத் தடிப்பில் நான்கு பலகை. அரைத் தொன் இழுக்கும் கை வின்ச் (கயிறு சுற்றி இழுக்கும் கருவி) ஒன்று. அலவாங்கு (கடப்பாரை) மூன்று. பலகை இரண்டிரண்டாக இரண்டு தடம் மாதிரி போட்டு, மூன்று அடிக்கு ஓர் உருளை வைத்து, கடந்துவந்த பலகையையும் உருளையையும் எடுத்து முன்னால் போட்டுக்கொண்டே போவது. தூக்கிப் போட ஒருவர், வள்ளத்தைப் பிடிக்க இருவர்.

சேற்றில் பலகை ஏன் வெல்கிறது என்று கணக்கைப் பாருங்கள். 200 கிலோ வள்ளமும் 100 கிலோ ட்ரெய்லரும் இரண்டு டயரில் நிற்கின்றன. ஒரு டயர் நிலத்தைத் தொடும் பரப்பு ஏறத்தாழ 150 சதுர சென்ரிமீற்றர் என்று வைத்தால், ஒவ்வொரு சதுர சென்ரிமீற்றரிலும் ஒரு கிலோ. நிற்கும் ஆளின் கால் அதில் பாதிகூட அழுத்தாது. ஆகவே உங்கள் கால் கணுக்கால்வரை புதையும் இடத்தில் டயர் அச்சுவரை போகும், சந்தேகமே வேண்டாம். பலகையில் வள்ளத்தின் 200 கிலோ மட்டும் பத்தாயிரம் சதுர சென்ரிமீற்றருக்குமேல் பரவுகிறது. பாதிப் பலகைதான் பாரம் ஏற்றாலும் அழுத்தம் டயரில் இருப்பதில் இருபதில் ஒரு பங்குக்கும் குறைவு.

இழுவையும் அப்படியே. எட்டுக்கு ஒன்று சரிவில் 200 கிலோவை மேலேற்ற, பாரத்துக்கு மட்டும் 25 கிலோ இழுவை வேண்டும். உருளை சுத்தமாக இருந்தால் உராய்வுக்கு இன்னும் 15, 20 கிலோ. வெறும் சேற்றில் வயிறு உரச இழுத்தால் உராய்வுக்கு மட்டுமே 100 கிலோ போய்விடும். இரண்டு பேர் வழுக்காமல் நின்று இழுக்கக்கூடியது எழுபது, எண்பது கிலோ. முதல் கணக்கு அதற்குள் அடங்கும், இரண்டாவது அடங்காது.

இது காலைக் கணக்கு. சாயங்காலக் கணக்கு வேறு. மார்ச் நடுவிலிருந்து ஏப்ரல்வரை, நீர் மிகக் கீழே இருக்கும் அதே நாட்களில்தான் மத்தியானத்துக்குப் பிறகு இடிமழை கொட்டும். காலையில் வெடித்துக் காய்ந்து கல் மாதிரி இருந்த திட்டு நான்கு மணிக்குக் கஞ்சியாகிவிடும். காலையில் அந்தத் திட்டின்மேல் ஓடிப்போன டிராக்டர் சாயங்காலம் அதே தடத்தில் புதைவது இதனால்தான். மின்நிலையம் பகல் முழுக்கத் தண்ணீர் எடுத்திருந்தால் கரை இன்னும் சில அடி தள்ளிப் போயிருக்கும். வள்ளத்திலும் பாரம் கூடியிருக்கும்: நனைந்த வலை, மீன், அடியில் தேங்கிய தண்ணீர். இருபது லீற்றர் என்றால் இருபது கிலோ. முதலில் இறைத்துக் கொட்டுங்கள், எஞ்சினைக் கழற்றித் தோளில் கொண்டுபோங்கள், பிறகு வள்ளத்தைத் தொடுங்கள்.

சேற்றில் அமர்ந்த வள்ளம் பாரத்தால் மட்டும் மறுப்பதில்லை, சேறு உறிஞ்சிப் பிடிக்கும். முன்னால் வெட்டி இழுத்தால் கயிறு அறும், அல்லது மூக்கில் உள்ள வளையம் பைபரோடு பிடுங்கிக்கொண்டு வரும். பின்பக்கத்தை இடமும் வலமுமாக ஆட்டுங்கள். ஒரு பக்கம் எழும்பும்போது காற்று உள்ளே போகும் சத்தம் ‘சளக்’ என்று கேட்கும். அந்த நொடியில் மூக்குக்கடியில் முதல் உருளையைச் செருகிவிட வேண்டும். பிறகு வின்ச்.

வின்சைத் தேயிலைச் செடியில் கட்டாதீர்கள். செடியும் போகும், தோட்டத்தாரிடம் பேச்சும் வாங்குவீர்கள். மூன்று அலவாங்கை ஒரே நேர்கோட்டில், இரண்டடி இடைவெளியில், வள்ளத்துக்கு எதிர்ப்பக்கம் சாய்த்து அடித்து, முன்னதன் தலையைப் பின்னதன் அடியோடு இறுக்கிக் கட்டினால் மூன்றும் பாரத்தைப் பகிரும். நைலோன் கயிறு நீண்டு அறுந்தால் சவுக்கு மாதிரி திரும்பும். நடுவில் ஓர் ஈரச் சாக்கைப் போட்டுவைத்து, கயிற்றின் நேரில் யாரையும் நிற்க விடாதீர்கள்.

தண்ணீரிலேயே கட்டிப்போடும் வழிக்கு ஏற்றும் தொல்லையே இல்லை. டயருக்குள் கொங்கிரீட் ஊற்றிய நங்கூரம், ஆழத்தைப்போல் மூன்று மடங்கு கயிறு, ஒரு மிதவை, அவ்வளவுதான். தடை மழைதான். 16 அடித் திறந்த வள்ளத்தின் வாய் ஏறத்தாழ ஆறு சதுர மீற்றர். ஒரே இரவில் 50 மில்லிமீற்றர் பெய்தால் உள்ளே 300 லீற்றர், அதாவது வள்ளத்தின் எடையைவிட அதிகம். படங்கு மூடினாலும் நடுவில் குழி விழாதபடி கூரைச் சரிவு கொடுக்க வேண்டும். மேல் கொத்மலை மாதிரிச் சின்னத் தேக்கங்களில் நீர்மட்டம் சீக்கிரம் ஏறி இறங்கும், வான்கதவும் திறப்பார்கள். அங்கே இந்த வழி வேண்டவே வேண்டாம். காவலுக்கு ஆள் உள்ள இடம், மூடிய தளமுள்ள படகு என்றால் நானும் இதைத்தான் சொல்வேன். 400 கிலோவுக்கு மேற்பட்ட படகுகளில் என் பழக்கம் குறைவு. அந்தப் பாரத்தில் உருளை வளைந்துவிடும் என்றுதான் தோன்றுகிறது. நீர் ஏறும்வரை பொறுப்பதே நல்லது.

எந்த வழியானாலும் மவுசாக்கலையில் ஒரு கவனம். நீர் இறங்கும்போது மூழ்கிய பழைய மஸ்கெலியா நகரின் கோயிலும் கட்டட எச்சங்களும் வெளியே தெரியும். தெரிவது தொல்லையல்ல, இன்னும் ஓரடி கீழே மறைந்திருக்கும் சுவர்தான் தொல்லை. மூன்றடி ஆழம் வரும்வரை கம்பால் ஊன்றிப் போங்கள். அதற்கு முன் எஞ்சினைத் தட்டினால் விசிறி கல்லில் அடிபடும். அடிபடாவிட்டாலும் குளிர்விக்கும் தண்ணீரோடு சேறு ஏறி பம்பின் ரப்பர் இறக்கையைத் தின்றுவிடும். எஞ்சின் பின்னால் மெல்லிய தாரையாகப் பீச்சும் தண்ணீர் நின்றுவிட்டதா, உடனே அணையுங்கள்.