கப் கோடும் மி.லி. கோடும்: அரை லிட்டர் கண்ணாடி ஜக்

வீட்டிலிருந்தே கேக்கும் புட்டிங்கும் செய்து விற்கிறேன். பால், மோர், எண்ணெய் அளக்க இந்த அரை லிட்டர் கண்ணாடி ஜக்தான். பாத்திரக் கடையில் 350 ரூபாய். போரோசிலிகேட் கண்ணாடி என்பதால் சூடான பாலைப் பயப்படாமல் ஊற்றலாம். மூக்கு நன்றாக வளைந்திருக்கிறது, ஊற்றும்போது வெளியே வழிவதில்லை.

ஒரு பக்கம் மி.லி., மறுபக்கம் கப். 1 கப் கோடு 240 மி.லி.க்கு நேராக நிற்கிறது. தராசில் ஜக்கை வைத்து, பூஜ்யமாக்கி, அந்தக் கோடு வரை தண்ணீர் ஊற்றினேன்: 241 கிராம். தண்ணீர் 1 மி.லி. கிட்டத்தட்ட 1 கிராம் என்பதால் இந்தச் சோதனையை யாரும் வீட்டிலேயே செய்யலாம். ஜக்கைக் கையில் தூக்கிப் பார்க்கக் கூடாது. மேடையில் வைத்து, கண்ணைக் கோட்டின் மட்டத்துக்கு இறக்கி, தண்ணீர் நடுவில் லேசாகக் குழிந்திருக்குமே, அந்தக் குழிவின் அடியைப் பார்க்க வேண்டும்.

சரி, கப் கோடு சரியாக இருந்தால் போதுமா? போதாது. அமெரிக்க கப் சுமார் 237 மி.லி., அவர்களுடைய சத்து விவரச் சீட்டில் 240. ஆஸ்திரேலிய கப் 250, ஜப்பானில் 200. ரைஸ் குக்கரோடு வரும் பிளாஸ்டிக் கப் பெரும்பாலும் 180தான், அதை கேக் பக்கம் கொண்டுவரவே வேண்டாம். 10 கப் பால் கேட்கும் ஆஸ்திரேலியக் குறிப்பை இந்த ஜக்கின் கப் கோட்டில் அளந்தால் 100 மி.லி. குறையும். கடல்பாசி புட்டிங் என்றால் ஒரு சின்ன அச்சு நிரம்பாமல் நிற்கும். அதனால் குறிப்பு எந்த நாட்டுடையது என்று பார்த்து, மி.லி.யாக மாற்றிக்கொண்டு, மி.லி. பக்கத்திலேயே அளக்கிறேன். அரை லிட்டர் பால் பாக்கெட் ஆஸ்திரேலியக் கணக்கில் சரியாக 2 கப். இந்த ஜக்கின் கணக்கில் 2 கப் போக 20 மி.லி. மிஞ்சும்.

குறை என்றால், 50 மி.லி.க்குக் கீழே கோடே இல்லை. எலுமிச்சைச் சாறு, எசென்ஸுக்கெல்லாம் கரண்டி செட் தனியாக வேண்டும். அதிலும் கவனம்: ஆஸ்திரேலியாவில் மேசைக்கரண்டி 20 மி.லி., நம் கடைகளில் கிடைக்கும் செட்டில் 15. அப்புறம், கம்பி நாரால் தேய்த்தால் அச்சடித்த கோடுகள் அழிந்துவிடும், ஸ்பாஞ்ச் போதும்.

இதே அலமாரியில் கப் கோடு மட்டும் போட்ட பிளாஸ்டிக் ஜக்குகளும் பாதி விலைக்கு இருந்தன. அவற்றை வாங்காதீர்கள், அது எந்த ஊர் கப் என்று கடையில் பார்த்துக் கண்டுபிடிக்க வழியே இல்லை.