சாக்லேட் பூசிய காப்பிக் கொட்டை: காம்பவுண்டா, கோகோ பட்டரா?

பேக்கிங் சாமான் விற்கும் கடைகளில் ஒரே ரேக்கில் இரண்டு கட்டிகள் பக்கத்து பக்கத்தில் இருக்கும். ஒன்று டார்க் காம்பவுண்ட், இன்னொன்று கோகோ பட்டர், அதாவது கோகோ விதையின் கொழுப்பு, உள்ள அசல் டார்க் சாக்லேட். பார்க்க இரண்டும் ஒரே நிறம், விலையில் மட்டும் நல்ல வித்தியாசம். காப்பிக் கொட்டைக்குப் பூச இதில் எதை எடுக்கலாம் என்று கேட்டால் என் பதில் கோகோ பட்டர்தான். ஆனால் அதற்கு முன்னால் கொட்டையைப் பற்றிப் பேசியாக வேண்டும், ஏனென்றால் தப்பான கொட்டைக்கு எந்த சாக்லேட்டைப் பூசினாலும் வாயில் வைத்ததும் தெரிந்துவிடும்.

காப்பித்தூள் கடையில் போய் "அரைக்க வேண்டாம், கொட்டையாகவே கொடுங்க" என்று கேளுங்கள். சிக்கரி எவ்வளவு என்ற கேள்விக்கே இடமில்லை, அது தூளோடுதான் சேரும். அரபிகா இனக் கொட்டையில் பிளான்டேஷன் ஏ, பீபரி என்ற இரண்டு தரங்களில் நான் பீபரிதான் வாங்குவேன். சாதாரணமாக ஒரு காப்பிப் பழத்துக்குள் இரண்டு விதைகள் முகத்தோடு முகம் ஒட்டி வளரும், அதனால் ஒரு பக்கம் தட்டையாக இருக்கும். பீபரியில் ஒரே விதை, அதனால் உருண்டை. பிளான்டேஷன் கொட்டையில் சாக்லேட் பட்டதும் தட்டைப் பக்கங்கள் இரண்டு இரண்டாக ஒட்டிக்கொண்டு, பிரிக்கப் போனால் பூச்சும் சேர்ந்து உரிந்து வந்துவிடும். பீபரி உருளும், அவ்வளவு சுலபத்தில் ஒட்டாது.

ரொபஸ்டா என்ற இன்னொரு காப்பி இனம் விலை குறைவு, ஆனால் இதற்கு வேண்டாம். பில்டர் காப்பியில் அது தரும் கெட்டித்தன்மை நல்லதுதான், கொட்டையை அப்படியே மெல்லும்போது அந்தக் கசப்பு நாக்கிலேயே தங்கிவிடுகிறது. காஃபினும் அரபிகாவைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. கொட்டையை முழுசாகத் தின்னும்போது அதிலுள்ள காஃபின் மொத்தமும் உள்ளே போகும் என்பதை மறக்கக் கூடாது: ஒரு அரபிகா கொட்டையில் சுமார் 2 மில்லிகிராம் என்று வைத்தால், படம் பார்த்துக்கொண்டே 50 கொட்டை தின்றவர் ஒரு நல்ல காப்பி குடித்த மாதிரி ஆகிவிடுவார். சாயங்காலத்துக்கு மேல் குழந்தைகள் கையில் டப்பாவைக் கொடுத்துவிடாதீர்கள்.

வறுவல் பற்றி ஒரே சோதனைதான். வாங்கும் முன் ஒரு கொட்டையைக் கடித்துப் பாருங்கள். முறுக்கு மாதிரி படக்கென்று உடைந்து பொடிந்தால் சரி. லேசான வறுவல் கல் மாதிரி இருக்கும், பல்லுக்கு நல்லதல்ல. ரொம்பக் கருக வறுத்ததில் மேலே எண்ணெய் மினுமினுக்கும், அதன் மேல் சாக்லேட் சரியாகப் பிடிக்காது. இரண்டுக்கும் நடுவில், மேல்தோல் உலர்ந்து இருக்கிற வறுவல்தான் வேண்டும்.

இப்போது சாக்லேட். காம்பவுண்டில் கோகோ பட்டருக்குப் பதிலாக வேறு தாவரக் கொழுப்பு இருக்கும், பெரும்பாலும் பனங்கொட்டை எண்ணெய் வகை. கவரின் பின்னால் பொருள் பட்டியலைப் படித்தால் போதும், தெரிந்துவிடும். இதன் நல்ல குணம் என்னவென்றால் உருக்கிப் பூசினால் தானாக இறுகிவிடும், சூட்டை அளந்து ஆறவைத்துச் சரியாக உறைய வைக்கும் டெம்பரிங் என்ற வேலையே கிடையாது. முதல் தடவை செய்பவர்கள் இதில் ஆரம்பிப்பதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் தின்று பாருங்கள்: கோகோ பட்டர் 34 டிகிரி வாக்கில், அதாவது நம் உடம்புச் சூட்டுக்குச் சற்றுக் கீழேயே உருகிவிடும். வாயில் போட்டதும் சாக்லேட் கரைந்து நாக்கு முழுக்கப் பரவ, அதன் நடுவில் கொட்டை உடைகிறது, கசப்பும் இனிப்பும் ஒரே நேரத்தில் கலக்கின்றன. காம்பவுண்ட் அப்படி முழுசாகக் கரையாது. மெழுகு மாதிரி மேல் அண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது, கொட்டை தனியாக, வறட்சியாக நொறுங்குகிறது. இந்தப் பண்டத்தின் ருசியே அந்தக் கலப்பில்தான் இருக்கிறது என்பதால் என்னால் காம்பவுண்டுக்குத் திரும்பிப் போக முடியவில்லை.

கோகோ பட்டருக்கான விலை உழைப்பு. அந்தக் கொழுப்பு ஆறு விதமாக உறையக்கூடியது, அதில் ஒரு விதம்தான் பளபளப்பும் 'டக்' என்ற உடைசலும் தரும். அதை வரவைப்பதுதான் டெம்பரிங். 100 கிராம் கொட்டைக்கு 200 கிராம் டார்க் சாக்லேட் எடுத்துப் பொடியாக நறுக்கி, மூன்றில் இரண்டு பங்கை வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்து 45 முதல் 50 டிகிரி வரை உருக்க வேண்டும். இறக்கி, மீதியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கிளறிக்கொண்டே 31, 32 டிகிரிக்கு இறக்க வேண்டும். தெர்மாமீட்டர் இல்லாமல் இதைச் செய்யாதீர்கள். கத்தி நுனியில் தொட்டு ஏசி அறையில் வைத்தால் ஐந்து நிமிடத்தில் பளபளப்பாக இறுக வேண்டும், இறுகாவிட்டால் இன்னும் கொஞ்சம் கட்டி போட்டுக் கிளறுங்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தாலும் மொத்தமும் மணல் மாதிரி திரிந்துவிடும், நான் ஒரு தடவை ஆவி பட்ட கரண்டியால் கிளறி அரைக் கிலோவை அப்படி இழந்தேன்.

பூசுவதிலும் இரண்டு வழி உண்டு. முள்கரண்டியில் ஒவ்வொன்றாக முக்கி பட்டர் பேப்பரில் வைப்பது ஒன்று. அழகாக வராது, அடியில் பாதம் மாதிரி ஒரு விளிம்பு தங்கும், 100 கிராம் என்றால் எழுநூறு கொட்டைக்கு மேல் இருக்கும், யோசித்துக்கொள்ளுங்கள். நாலைந்தாகச் சேர்த்துக் கொத்தாக வைப்பவர்களுக்கு இது சரி.

எனக்குப் பிடித்தது கிண்ணத்தில் குலுக்குவது. ஆலைகளில் சுழலும் பெரிய பாத்திரத்தில் செய்வதன் சின்ன வடிவம்தான் இது. ஏசியை 20-இல் வைத்து, அகலமான ஸ்டீல் கிண்ணத்தில் கொட்டையைப் போட்டு, ஒரு டீஸ்பூன் சாக்லேட்டை மட்டும் ஊற்றிக் குலுக்க வேண்டும். முதலில் கூழாங்கல் மாதிரி கடகடவென்று சத்தம் வரும். சாக்லேட் பிடித்ததும் சத்தம் மங்கி, கொட்டைகள் ஒன்றோடொன்று இழுபடும், அப்போது நிறுத்தினால் மொத்தமும் ஒரே கட்டி. விடாமல் குலுக்குங்கள், இறுக இறுக மறுபடியும் கடகட சத்தம் திரும்பும். அந்தச் சத்தம் வந்த பிறகுதான் அடுத்த ஸ்பூன். பதினைந்து இருபது தடவை ஆகும், கை வலிக்கும், ஆனால் ஏழாவது எட்டாவது தடவையில் கொட்டையின் பிளவு மறைந்து உருண்டையாகிற அந்த நேரம் அத்தனை சந்தோஷம். கடைசியில் ஒரு ஸ்பூன் கோகோ பவுடர் தூவிக் குலுக்கினால் மேலே உள்ள மேடுபள்ளமும் தெரியாது.

மில்க் சாக்லேட்டா டார்க்கா என்பது அவரவர் நாக்கு. மில்க் என்றால் 29, 30 டிகிரியிலேயே நிறுத்த வேண்டும், பூச்சும் கொஞ்சம் தடிமனாக இருந்தால்தான் காப்பிக் கசப்பைத் தாங்கும். எனக்கு 55 சதவீதம் கோகோ உள்ள டார்க் போதும்.

ஃபிரிட்ஜில் வைத்து எடுத்தால் மேலே ஈரம் பூத்து, சர்க்கரை கரைந்து வெள்ளையாகப் படியும். காற்றுப் புகாத டப்பாவில், பெருங்காயமும் மசாலாவும் இல்லாத அலமாரியில் வைப்பதே நல்லது, கொழுப்பு வாசனையைச் சட்டென்று இழுத்துக்கொள்ளும். சென்னையில் மார்கழி, தை மாதங்களில் இப்படியே மூன்று வாரம் நன்றாக இருக்கிறது. சித்திரை வெயிலில் பஸ்ஸில் யாருக்காவது கொடுத்தனுப்ப வேண்டுமென்றால் மட்டும் காம்பவுண்ட் வாங்குங்கள், அது கொஞ்சம் தாங்கும். நான் அந்த வெயில் காலத்தில் சாக்லேட்டைத் தொடுவதில்லை, பீபரி முழுக்க பில்டருக்குப் போய்விடும்.