கீழமை நீதிமன்ற வழக்கு ஆவணங்கள்: இ-கோர்ட்ஸ் தளமும் நகல் பிரிவும், நீண்டகாலப் பயன்பாட்டில்

தமிழ்நாட்டில் மாவட்ட, வட்ட அளவிலான நீதிமன்றங்களில் ஒரு வழக்கின் காகிதம் வேண்டுமென்றால் இரண்டு வாசல்களைத் தாண்ட வேண்டும். முதலாவது இ-கோர்ட்ஸ் இணையதளம். அடுத்தது அந்த நீதிமன்றத்தின் நகல் பிரிவு. தளம் இலவசம், மொத்தத்தில் நம்பகமானது. ஆனால் வழக்கு எங்கே இருக்கிறது, எந்த நிலையில் இருக்கிறது என்பதைத்தான் அது சொல்லும். அதில் ஏற்றப்பட்ட தீர்ப்பை இறக்கிப் படிக்கலாம். மேல்முறையீட்டுக்கோ, வட்டாட்சியர் அலுவலகத்துக்கோ, வங்கிக்கோ சான்றிட்ட நகல் கேட்டால் அந்தப் பிரிண்ட் செல்லாது. முத்திரை வைத்த நகல் நகல் பிரிவில்தான் கிடைக்கும். அங்கே பலர் அலைக்கழிவதற்குப் பெரும்பாலும் ஊழியர்கள் காரணமில்லை. தளத்தில் பார்த்து முடிக்க வேண்டியதை முடிக்காமல் அரைகுறை விவரத்தோடு மனு கொடுப்பதுதான் காரணம்.

வழக்கைக் கண்டுபிடிப்பது

ஒவ்வொரு வழக்குக்கும் தரப்படும் தனி அடையாள எண்ணான சி.என்.ஆர். எண் கையில் இருந்தால் வேலை ஒரு நிமிடம். எழுத்தும் எண்ணுமாக மொத்தம் 16. முதல் இரண்டு மாநிலம், அடுத்த இரண்டு மாவட்டம், அடுத்த இரண்டு நீதிமன்றம், பிறகு ஆறு இலக்க வரிசை எண், கடைசி நான்கு ஆண்டு. நடுவில் கோடும் இடைவெளியும் விடாமல் தட்ட வேண்டும்.

வழக்கு எண் மட்டும் தெரிந்தால் கவனம் தேவை. ஓ.எஸ். 45/2016 என்ற எண் மாவட்ட உரிமையியல் நீதிமன்றத்திலும் இருக்கும், கூடுதல் நீதிமன்றத்திலும் இருக்கும், சார்பு நீதிமன்றத்திலும் இருக்கும். நீதிமன்றத்தின் பெயர் இல்லாத வழக்கு எண்ணால் பயனில்லை. எண்ணுக்கு முன்னால் உள்ள எழுத்துகளும் முக்கியம்: ஓ.எஸ். அசல் வழக்கு, ஏ.எஸ். மேல்முறையீடு, ஈ.பி. நிறைவேற்று மனு, ஐ.ஏ. இடைக்கால மனு, எச்.எம்.ஓ.பி. திருமண வழக்கு, எம்.சி.ஓ.பி. வாகன விபத்து இழப்பீடு, சி.சி. நடுவர் நீதிமன்றக் குற்ற வழக்கு, எஸ்.சி. அமர்வு நீதிமன்ற வழக்கு. வழக்கு வகைப் பட்டியலில் தவறானதைத் தேர்ந்தெடுத்துவிட்டு 'பதிவு இல்லை' என்று வந்ததும் விட்டுவிடுபவர்கள் நிறைய.

எண்ணே தெரியாதபோது தரப்பினர் பெயரில் தேடலாம். குறைந்தது மூன்று எழுத்து வேண்டும், ஆண்டும் வேண்டும். பெயர்கள் ஆங்கில எழுத்தில் பதிவாகியிருப்பதால் சிக்கல் இங்கேதான். சண்முகம் என்ற பெயர் ஒரு வழக்கில் எஸ்-ஏ என்று தொடங்கும், இன்னொன்றில் எஸ்-எச்-ஏ, மற்றொன்றில் எஸ்-எச்-யு. முழுப் பெயரைத் தட்டாமல் எல்லா எழுத்துக்கூட்டலுக்கும் பொதுவான 'nmugam' என்ற துண்டை மட்டும் ஆங்கிலத்தில் தட்டினால் மூன்றும் வரும். இன்ஷியலை விட்டுவிடுங்கள், அது முன்னாலும் இருக்கலாம், பின்னாலும் இருக்கலாம். நிலுவை, முடிந்தவை என்ற இரண்டையும் சேர்த்துத் தேடுங்கள். ஒவ்வோர் ஆண்டாக மாற்றிப் பார்ப்பது அலுப்பூட்டும் வேலைதான், ஆனால் குறுக்கு வழி இல்லை. குற்ற வழக்கென்றால் காவல் நிலையத்தின் பெயர், முதல் தகவல் அறிக்கை எண், ஆண்டு ஆகியவற்றை வைத்துத் தேடுவது இதைவிடச் சுலபம்.

நிலம் வாங்குபவர்கள் ஒன்றை மனதில் வைக்க வேண்டும். சர்வே எண்ணைப் போட்டுத் தேட இந்தத் தளத்தில் வழியில்லை. நிலுவையில் உள்ள வழக்கு வில்லங்கச் சான்றில் இருந்தே தீரும் என்றும் சொல்ல முடியாது. விற்பவர், அவருக்கு முன்பு வைத்திருந்தவர், பங்காளிகள் என எல்லாப் பெயர்களையும் போட்டுப் பார்ப்பதுதான் பாதுகாப்பு.

தேடியும் வரவில்லை என்றால் சில காரணங்கள் உண்டு. தாக்கலாகி இன்னும் எண்ணிடப்படாத வழக்கு, வழக்கு எண் தேடலில் வராது. தாக்கல் எண்ணில் தேட வேண்டும். கணினிப் பதிவுக்கு முன்பே முடிந்த பழைய வழக்கு தளத்தில் இல்லாமலே இருக்கலாம். புது நீதிமன்றம் தொடங்கும்போது வழக்குகள் அங்கே மாற்றப்பட்டு வேறு எண் பெறும். மாவட்டப் பிரிப்பும் குழப்பும்: தென்காசி 2019-இல் தனி மாவட்டமானது, அங்குள்ள பழைய வழக்கைத் திருநெல்வேலியின் கீழும் தேடிப் பாருங்கள். சென்னையில் பெரிய மதிப்புள்ள உரிமையியல் வழக்கு உயர் நீதிமன்றத்தின் அசல் பிரிவில் சி.எஸ். எண்ணோடு இருக்கும், அது உயர் நீதிமன்றங்களுக்கான தனிப் பக்கத்தில்தான் வரும். திருமண வழக்குகள், பாலியல் குற்றங்கள், சிறார் தொடர்பானவை ஆகியவற்றின் உத்தரவுகள் பொதுவில் கிடைக்காது, கிடைக்கவும் கூடாது.

வழக்கு திறந்ததும் பெரும்பாலானோர் அடுத்த வாய்தா தேதியைப் பார்த்துவிட்டு மூடிவிடுவார்கள். கீழே இருக்கும் விசாரணை வரலாறுதான் உண்மையான பயன். ஒவ்வொரு தேதியையும் அழுத்தினால் அன்று என்ன நடந்தது என்ற சிறு குறிப்பு வரும். எந்த ஐ.ஏ.வில் எந்த நாளில் உத்தரவு, ஒருதலைப்பட்சத் தீர்ப்பா, வாதி வராததால் தள்ளுபடியா, சமரசமா, வேறு நீதிமன்றத்துக்கு மாற்றமா என்பதை இங்கிருந்து எடுத்து எழுதிக்கொள்ளுங்கள். நகல் மனுவில் நிரப்ப வேண்டியது இந்த விவரங்களைத்தான்.

கைப்பேசிச் செயலியில் வழக்குகளைச் சேமித்து வைக்கும் வசதி நன்று. அந்தப் பட்டியல் கைப்பேசியில்தான் இருக்கும். கருவியை மாற்றும் முன் ஏற்றுமதி செய்து வைக்காவிட்டால் போய்விடும்.

நகல் மனு

மனுவில் நீதிமன்றத்தின் பெயர், வழக்கு எண், தரப்பினர் பெயர்கள், மனுதாரர் வாதியா பிரதிவாதியா, தேவைப்படும் ஆவணம், அதன் தேதி, எத்தனை பிரதி என்பவை இருக்க வேண்டும். உரிய கோர்ட் ஃபீ ஸ்டாம்பும் ஒட்ட வேண்டும். 'வழக்கின் எல்லா ஆவணங்களும்' என்று எழுதினால் மனு திரும்பி வரும். பிராது, எதிர்வழக்குரை, ஆணையர் அறிக்கை, வா.சா. 1 (வாதி தரப்பு முதல் சாட்சி) சாட்சியம், சான்றாவணம் ஏ3 எனத் தனித்தனியாகக் குறிப்பிடுங்கள். தீர்ப்புரையும் தீர்ப்பாணையும் வேறு வேறு ஆவணங்கள். தீர்ப்புரையில் காரணங்கள் இருக்கும். சொத்து விவரமும் செலவுத் தொகையும் தீர்ப்பாணையில் இருக்கும். ஒன்றை மட்டும் கேட்டுவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்குவது மிகச் சாதாரணமாக நடக்கிறது.

வழக்கின் தரப்பினர் நேரடியாகவோ வக்காலத்து உள்ள வழக்கறிஞர் மூலமோ மனு செய்யலாம். தரப்பினர் அல்லாதவர், எதற்காக நகல் வேண்டும் என்று பிரமாணப் பத்திரத்தோடு கேட்க வேண்டும். கொடுப்பதா வேண்டாமா என்று நீதிமன்றம் தீர்மானிக்கும். 'தேவைப்படுகிறது' என்ற ஒற்றைச் சொல் போதாது. அதே சொத்தில் தனக்குள்ள உரிமை, தொடுக்கவிருக்கும் வழக்கு எனக் காரணத்தை எழுத வேண்டும். இறந்தவரின் வாரிசு, வழக்கில் சேர்க்கப்படாதவரை வெளியாள்தான்; இறப்புச் சான்றையும் வாரிசுச் சான்றையும் இணைத்தால் வேலை எளிதாகும். பிறர் தாக்கல் செய்த தனியார் ஆவணத்தின் நகல் வெளியாளுக்குக் கிடைப்பது கடினம். அது பதிவுசெய்த பத்திரம் என்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் வாங்குவதே நல்லது.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டால் போதும் என்ற யோசனையைப் பலர் சொல்கிறார்கள். குஜராத் உயர் நீதிமன்றம் தொடர்பான வழக்கில் 2020 மார்ச் 4 அன்று உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கிவிட்டது: வழக்கு ஆவணங்களின் நகலை நீதிமன்ற விதிகளின்படிதான் பெற வேண்டும். ஆர்.டி.ஐ. மனு போட்டுக் காத்திருந்தால் நாள்தான் வீணாகும்.

குற்ற வழக்கில் எதிரிக்கு, அதாவது குற்றம் சாட்டப்பட்டவருக்கு, கூடுதல் உரிமை உண்டு. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள குற்ற நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 230-ஆம் பிரிவின்படி குற்றப்பத்திரிகையும் சாட்சி வாக்குமூலங்களும் இலவசம். சிறைத் தண்டனை விதிக்கப்பட்டால் 404-ஆம் பிரிவின்படி தீர்ப்பின் நகலை உடனே, இலவசமாகத் தர வேண்டும். இதற்குப் பணம் கட்டத் தேவையில்லை என்பது பல குடும்பங்களுக்குத் தெரியாமலே இருப்பது வருத்தத்துக்குரியது.

மனு கொடுத்த பிறகு

தவறு மிகுதியாக நடப்பது இங்கேதான். மனுவுக்கு ஓர் எண் தருவார்கள், அதைக் குறித்துக்கொள்ளுங்கள். வழக்கின் காகிதங்கள் அடங்கிய கட்டு நகல் பிரிவுக்கு வந்து பக்கங்கள் எண்ணப்பட்டதும், எவ்வளவு ஸ்டாம்ப் கட்ட வேண்டும் என்று அறிவிப்புப் பலகையில் பட்டியல் ஒட்டுவார்கள். வீட்டுக்குக் கடிதம் வரும் என்று இருந்துவிட்டால் கெடு தாண்டி மனு தள்ளுபடியாகும். பலகையை ஒருவர் தொடர்ந்து பார்க்க வேண்டும்; வழக்கறிஞரின் குமாஸ்தா இருந்தால் அவரிடம் மனு எண்ணைச் சொல்லி வையுங்கள்.

கட்டு கிடைக்கவில்லை என்று பதில் வந்தால் எங்கே என்று கேளுங்கள். மேல்முறையீடு நடந்தால் கட்டு மேல் நீதிமன்றத்துக்குப் போயிருக்கும், மனுவை அங்கே போட வேண்டும். பழைய வழக்கென்றால் ரெக்கார்டு ரூமில் இருக்கும். குறிப்பிட்ட காலத்துக்குப் பின் கட்டின் பல பகுதிகளை விதிப்படி அழித்துவிடுவார்கள். வழக்கு முடிந்து மேல்முறையீட்டுக் காலமும் கடந்ததும், தாக்கல் செய்த அசல் பத்திரங்களை மனுப் போட்டுத் திரும்ப வாங்கிவிட வேண்டும்.

நகலில் மனு கொடுத்த நாள், ஸ்டாம்ப் கேட்ட நாள், கட்டிய நாள், நகல் தயாரான நாள், வழங்கிய நாள் என்று தேதிகள் வரிசையாக இருக்கும். மேல்முறையீட்டுக் கெடு இந்தத் தேதிகளை வைத்துத்தான் கணக்காகும். தீர்ப்பாணைக்கு எதிராக உயர் நீதிமன்றத்துக்கு 90 நாள், மற்ற நீதிமன்றங்களுக்கு 30 நாள். நகல் பெறத் தேவைப்பட்ட நாட்களைக் காலவரையறைச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு கழித்துவிடும். ஸ்டாம்ப் கட்டத் தாமதித்த நாட்கள் கழியாது. மனு கொடுக்கும் முன்பே நீதிமன்றம் தீர்ப்பாணை தயாரிக்க எடுத்துக்கொண்ட நாட்களும் கழியாது. ஆகவே 'தீர்ப்பாணை தயாராகட்டும், பிறகு மனு போடலாம்' என்று இருப்பது ஆபத்து. தீர்ப்பு சொன்ன அன்றோ மறுநாளோ மனு கொடுத்துவிடுங்கள்.

நகலை வாங்கியதும் அங்கேயே நின்று சரிபாருங்கள்: பக்க வரிசை, முத்திரை, சரிபார்த்தவர் கையொப்பம், தேதிகள், சொத்து விவரத்தில் சர்வே எண், பரப்பு, நான்கு எல்லை. பிழை நகலில் மட்டும் இருந்தால் நகல் பிரிவிலேயே திருத்துவார்கள். அசலிலேயே பிழை என்றால் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 152-ஆம் பிரிவின் கீழ் அதே நீதிமன்றத்தில் திருத்த மனு போட்டு, உத்தரவு வந்தபின் புதிதாக நகல் கேட்க வேண்டும்.