ஒரு தீனா, மூன்று தீனா? பெங்களூரில் அரபி எழுத்துப் பழக எந்த வழி

அரபியில் மார்க்கத்துக்கும் தீன், அத்திப்பழத்துக்கும் தீன், களிமண்ணுக்கும் தீன். தமிழில் எழுதினால் அப்படித்தான் வரும். அரபியில் முதல் சொல் தால் எழுத்தில் தொடங்குகிறது, இரண்டாவது தா, மூன்றாவது தோ. எந்த வழியில் படிப்பது என்று கேட்பவர்களுக்கு நான் இந்த மூன்றையும் வைத்துத்தான் பதில் சொல்வேன்.

அரபியைத் தமிழ் எழுத்தில் அச்சடித்த புத்தகங்களில் மூன்றும் ஒன்றாகிவிடும். நம் த-வுக்கு அந்த வேறுபாடு கிடையாது. வயதானவர்கள் குர்ஆனில் இரண்டு சூரா (அத்தியாயம்) மனப்பாடம் செய்ய உதவும், எழுத்துப் பழக வேண்டாம்.

சிவாஜிநகர் பக்கம் உருது பேசும் ஹஜ்ரத்மாரிடம் (ஓதிக்கொடுக்கும் ஆசிரியர்களிடம்) மாலை வகுப்பு எளிதாகக் கிடைக்கும். நான் சேர்ந்ததும் அப்படி ஒன்றில்தான். உருதுப் பேச்சில் தாலும் தாவும் பிரியும், தாவும் தோவும் பிரியாது. ஆக இரண்டு தீன். ரம்ஜான் என்பதும் அந்த வழக்குதான், நம் வீடுகளில் ரமலான், ரமழான் என்போம். தஜ்வீத், அதாவது குர்ஆனை ஒலி பிசகாமல் ஓதும் கலையை, ஹஜ்ரத் முறையாகப் படித்தவர் என்றால் இந்தக் குறை இருக்காது.

ஆனால் எழுத்தைக் கூட்டிப் படிக்க இந்த வகுப்புக்கு ஈடில்லை. சொல்லின் தொடக்கத்தில் பா, தா, ஸா, நூன், யா ஐந்துமே ஒரே சின்னப் பல்லாகத்தான் நிற்கும். புள்ளிதான் அடையாளம்: பாவுக்குக் கீழே ஒன்று, நூனுக்கு மேலே ஒன்று, தாவுக்கு மேலே இரண்டு, யாவுக்குக் கீழே இரண்டு, ஸாவுக்கு மேலே மூன்று. அலிஃப், ரா, வாவ் உட்பட ஆறு எழுத்துகள் தமக்கு அடுத்து வரும் எழுத்தோடு சேராது. எழுத்துப் பழகும் முதல் புத்தகமான காயிதாவில் விரல் வைத்து, வரி வரியாக ஓதி, தப்பினால் திரும்ப ஓதி, மூன்று மாதத்தில் என் கண் பழகிவிட்டது.

அப்புறம் செல்போன் செயலி. மூன்று தீனும் சுத்தமாகக் காதில் விழும். மெட்ரோவில் போகும்போது 28 எழுத்துகளின் வடிவத்தையும் பழகிக்கொள்ளலாம். ஆனால் தோவுக்கு நாக்கின் பின்பகுதி மேலே எழும்ப வேண்டும், ஒலி கனக்க வேண்டும். என் நாக்கு எழும்பவில்லை என்று அது ஒரு நாளும் சொன்னதில்லை. பொத்தானைத் தட்டினால் பச்சை விளக்கு, அவ்வளவுதான்.

என்னைக் கேட்டால் ஆளிடம் போய் ஓதுவதுதான் சரி, செயலி கூடவே இருக்கட்டும். சேரும் முன் ஹஜ்ரத்திடம் மரியாதையாக அந்த மூன்று சொல்லையும் ஓதிக் காட்டச் சொல்லுங்கள். மூன்றும் தனித்தனியாகக் கேட்டால் அன்றே காயிதா வாங்கிவிடலாம்.