வளைந்த கண்ணாடியா, தட்டைக் கண்ணாடியா?

பாரிசை ஒட்டியுள்ள சேந்துவேன் பழம்பொருள் சந்தையில் மூன்று வாரக் கடைசிகள் அலைந்து, ஒருவழியாக ஒரு கண்ணாடி அலமாரி வாங்கிவிட்டேன். பிரெஞ்சுக்காரர்கள் இதை வித்ரின் என்பார்கள். கடைசிவரை இரண்டு அலமாரிகள் போட்டியில் இருந்தன. ஒன்று 15ஆம் லூயி பாணி: வயிறு உப்பினாற்போல் வளைந்த கண்ணாடி, வளைந்த கால்கள், மூலைக்கு மூலை தங்கமுலாம் பூசிய வெண்கல இலைகள். மற்றது 16ஆம் லூயி பாணி: நேரான கால்கள், மகோகனி மரம், விளிம்பில் மெல்லிய பித்தளைக் கீற்று. நான் எடுத்தது இரண்டாவதை.

ராஜா பெயர் இருப்பதால் ராஜா காலத்துச் சாமான் என்று நினைத்துவிட வேண்டாம். சந்தைக்கு வருபவற்றில் பெரும்பாலானவை 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலோ 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலோ பழைய பாணியில் செய்யப்பட்டவை. பூச்சி அரித்த துளை, ஆடும் கதவு, பூட்டு, சாவி இதையெல்லாம் எதை வாங்கினாலும் பார்க்கத்தான் வேண்டும்.

அழகில் வளைந்ததுதான் முந்தும். அதன் கீழ்ப்பலகையில் 'வெர்னி மார்த்தேன்' என்னும் பளபளப்பான மெருகு பூசி, தோட்டத்தில் உலவும் ஆண் பெண் உருவங்களைத் தீட்டியிருந்தார்கள். அதைவிட்டு நகர எனக்கு மனமே வரவில்லை.

என்னைத் தடுத்தது அந்தக் கண்ணாடிதான். நண்பர் ஒருவர் வீடு மாறியபோது, இதே பாணி அலமாரியின் பக்கவாட்டுக் கண்ணாடி உடைந்துபோனது. வளைந்த கண்ணாடியைக் கடையில் போய் அளவு சொல்லி வெட்டி வாங்க முடியாது. அந்த வளைவுக்கென்றே அச்சு செய்து, அதன்மேல் தட்டைக் கண்ணாடியை வைத்துச் சூளையில் சூடேற்றி, இளகிப் படியவிட வேண்டும். பிறகு மெல்ல ஆறவிட வேண்டும். அவசரப்பட்டால் விரிசல் விடும். நூறாண்டு கண்ட மரச்சட்டமோ எங்காவது சற்று முறுக்கிக்கொண்டிருக்கும். இரண்டு மூன்று மில்லிமீட்டர் பிசகினாலும் கண்ணாடி உட்காராது. நண்பருடைய அலமாரி மாதக்கணக்கில் ஒரு பக்கம் அட்டை வைத்து மூடிக்கிடந்தது. இந்தச் செலவுக்கு அஞ்சிச் சிலர் வளைந்த பிளாஸ்டிக் தகடு பொருத்தி விற்பதும் உண்டு. விரல் நகத்தால் தட்டிப் பாருங்கள். கண்ணாடி கணீரென்னும், பிளாஸ்டிக் மந்தமாக ஒலிக்கும்.

தட்டைக் கண்ணாடியில் இந்தத் தொல்லை இல்லை. உள்பக்க மரச்சட்டத்தின் சிறு ஆணிகளைப் பிடுங்கினால் கண்ணாடி கையோடு வந்துவிடும். கண்ணாடி வெட்டுபவர் யாராக இருந்தாலும் மாற்றிக் கொடுப்பார். பழைய ஜன்னல்களிலிருந்து கழற்றிய கண்ணாடி கிடைத்தால் இன்னும் நல்லது. பில்கிங்டன் நிறுவனம் 1959இல் அறிவித்த முறையில், உருகிய வெள்ளீயத்தின்மேல் மிதக்கவிட்டு வார்க்கும் இக்காலக் கண்ணாடி ஒரே சீராக இருக்கும். பழையது அப்படி இல்லை. என் அலமாரியின் இடக்கதவில் மேசைவிளக்கின் பிம்பம் விழுகிறது; நான் தலையை அசைத்தால் அது குளத்து நீரில் விழுந்ததுபோல் நெளிகிறது. வலக்கதவில் அசைவே இல்லை. அந்த ஒரு கண்ணாடி பின்னாளில் மாற்றியது என்று அதை வைத்தே கண்டுகொண்டேன். விலையில் கொஞ்சம் குறைத்துக் கேட்கவும் அது உதவியது.

பராமரிப்பிலும் இதுவே எளிது. வெண்கல அலங்காரத்தைப் பித்தளை பாலிஷ் போட்டுத் தேய்த்தால் தங்கமுலாம் போய்விடும். உலர்ந்த மென்துணியால் தூசியைத் தட்டுவதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். பித்தளைக் கீற்றுக்கு அவ்வளவு பயம் வேண்டாம். இரண்டுக்கும் பொதுவான எதிரி அறைச்சூடேற்றி. அதன் பக்கத்தில் வைத்தால் காற்று வறண்டு, மேலே ஒட்டிய மெல்லிய மரத்தோல் உரிந்து எழும்பும். நான் எதிர்ச்சுவரில் வைத்திருக்கிறேன். ஒரு குளிர்காலம்தான் கடந்திருக்கிறது. இதுவரை எங்கும் எழும்பவில்லை.

மறுவிற்பனையில் எனக்கு அனுபவம் இல்லை. அலைந்த நாட்களில் கண்டதைச் சொல்கிறேன்: வளைந்தவற்றுக்கு விலை அதிகம் சொன்னார்கள், ஆனால் கண்ணாடியில் கீறல் கண்டதுமே வந்தவர்கள் பேரம்கூடப் பேசாமல் நகர்ந்தார்கள்.