அறிவிக்கும் நாள் வேறு, விற்பனைக்கு வரும் நாள் வேறு: சுயபதிப்பில் சில வருட அனுபவம்

சில வருடங்களாக என் புத்தகங்களை நானே பதிப்பித்துவருகிறேன். மின்னூலுக்கு அமேசானின் சுயபதிப்புத் தளமான கிண்டில் டைரக்ட் பப்ளிஷிங், அதாவது எல்லோரும் சொல்கிற கேடிபி. அச்சுக்கு, கேட்ட அளவுக்கு மட்டும் அச்சிட்டுத் தரும் பிரிண்ட் ஆன் டிமாண்ட். இந்த அனுபவத்தில் எனக்கு உறுதியான கருத்து ஒன்று உண்டு. வாசகர்களுக்கு அறிவிக்கும் வெளியீட்டு நாளும், புத்தகம் உண்மையில் விற்பனைக்கு வரும் நாளும் ஒன்றாக இருக்கக் கூடாது. புத்தகம் சத்தமில்லாமல் முதலில் வந்துவிட வேண்டும். பத்து நாளாவது கழித்துத்தான் அறிவிப்பு.

காரணம் எளிது. கேடிபியில் 'வெளியிடு' பொத்தானை அழுத்தியவுடன் புத்தகம் கடைக்கு வந்துவிடாது. பரிசீலனைக்கு 72 மணிநேரம் வரை ஆகலாம். அப்புறம் பக்கத்தைத் திறந்து பார்க்க வேண்டும். அறிமுகக் குறிப்பில் பத்தி பிரிந்திருக்கிறதா, ஆசிரியர் பெயர் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்கிறதா, மாதிரிப் பக்கங்கள் ஒழுங்காகத் திறக்கின்றனவா என்று பார்க்கவே ஓரிரு நாள் போய்விடும். இதையெல்லாம் வாசகர்கள் வந்து நிற்கும் நாளில் செய்வதில் அர்த்தமில்லை.

தமிழில் எழுதுபவர்களுக்குக் கோப்பு தயாரிப்பதுதான் பெரிய வேலை. இதற்கு ஒதுக்கும் நேரத்தை இரண்டு மடங்காகப் போட்டுக்கொள்ளுங்கள். பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த பிரதியை யுனிகோடுக்கு மாற்றினால் கண்ணுக்குத் தெரியாத பிழைகள் உள்ளே வந்து உட்காரும். கால் போட வேண்டிய இடத்தில் 'ர' நிற்கும். 'கௌ' என்பதில் ஔகாரக் குறிக்குப் பதிலாக 'ள' வந்திருக்கும். படிக்கிறவருக்கு வித்தியாசம் தெரியாது, ஆனால் தேடினால் அந்தச் சொல் கிடைக்காது. மெய்ப்பு பார்ப்பவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் கண்ணால் இதைப் பிடிக்க முடியாது. 'ெ', 'ர', 'ள' மூன்றையும் சந்தேகத்துக்குரிய சேர்க்கைகளில் தேடித் தேடித்தான் திருத்த வேண்டும்.

பக்க வடிவமைப்புக்கு இன்டிசைன் பயன்படுத்துவோர், பத்தி அமைப்பில் 'வேர்ல்ட் ரெடி கம்போசர்' தேர்வாகியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். இல்லையென்றால் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். இன்னொரு தலைவலி, இருபுறமும் சீராக்கிய வரிகள். தமிழ்ச் சொற்கள் நீளமானவை, சந்தியில் சேர்ந்து இன்னும் நீளும். சிறிய அளவுப் புத்தகத்தில் ஒரு வரிக்கு மூன்று சொல்தான் பிடிக்கும், நடுவில் பெரிய பெரிய ஓட்டைகள் விழும். எழுத்தை அரைப் புள்ளி குறைத்தும் பார்த்தேன், ஓரத்தைச் சுருக்கியும் பார்த்தேன். இடப்பக்கம் மட்டும் சீராக்கி விட்டுவிடுவதுதான் எனக்குப் பிடித்த தீர்வு. சிலருக்கு அது பாதி முடித்த வேலை மாதிரி தோன்றும், பரவாயில்லை. மின்னூல் திரையில் எப்படித் தெரியும் என்று காட்டும் கிண்டில் பிரிவ்யூவர் மென்பொருளில் எழுத்தைப் பெரிதாக்கியும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். தமிழ் வாசகர்களில் பலர் போனில்தான் படிக்கிறார்கள்.

பதிவேற்றும்போது கேட்கும் விவரங்களில் தேடுசொற்களுக்கு 7 பெட்டிகள் இருக்கின்றன, வகைமை 3 வரை தேர்ந்தெடுக்கலாம். தமிழ்த் தலைப்பை ஆங்கில எழுத்தில் அடித்துத் தேடுவோர் உண்டு, அந்த உச்சரிப்பு வடிவத்துக்கு ஒரு பெட்டியை ஒதுக்குகிறேன். மின்னூலுக்கு ஐஎஸ்பிஎன், அதாவது நூலை அடையாளம் காட்டும் எண், கட்டாயமில்லை. அச்சு நூலுக்குச் சொந்தமாக ஒன்று வாங்கிவிடுவது நல்லது. தளம் இலவசமாகத் தரும் எண்ணை வேறு இடத்துக்கு எடுத்துப்போக முடியாது.

அட்டையை முடிப்பதற்கு முன் பக்க எண்ணிக்கை உறுதியாகிவிட வேண்டும். புத்தக முதுகின் அகலம் பக்க எண்ணிக்கையைப் பொறுத்தது. கேடிபியின் கணக்கில் க்ரீம் தாளுக்குப் பக்கத்துக்கு 0.0025 அங்குலம், வெள்ளைத் தாளுக்கு 0.002252. ஆக, 200 பக்கம் என்றால் க்ரீமில் அரை அங்குலம், வெள்ளையில் 0.45. கடைசி நேரத்தில் முன்னுரை ஒன்று வந்து சேர்ந்தால் முதுகில் உள்ள தலைப்பு ஓரத்துக்கு நகர்ந்துவிடும். அச்சகத்துக்கு அச்சகம் கணக்கு மாறும், அவர்களிடமே அட்டை அளவு வரைபடத்தைக் கேட்டு வாங்குங்கள்.

மாதிரிப் பிரதி ஒன்றைக் கையில் வாங்கிப் பார்க்காமல் அச்சுக்கு ஒப்புதல் தருவதில்லை. பிடிஎஃப் கோப்பில் அழகாக இருந்த உள் ஓரம், பைண்டிங் ஆன புத்தகத்தில் எழுத்தை விழுங்கும். ஒருமுறை அச்சகம் சொன்ன தேதி போய், மறுவாரம்தான் பெட்டி வந்தது. இடைவெளி விட்டிருந்ததால் யாருக்கும் தெரியாமலே அது சரியாகிவிட்டது.

வெளிவருமுன் படித்து மதிப்புரை எழுதக்கூடிய முன்வாசகர்களுக்கு ஒரு மாதம் முன்னதாகவே பிரதி அனுப்பிவிடுகிறேன். பணமோ பரிசோ கிடையாது, நல்லபடியாக எழுதச் சொல்வதும் கிடையாது. குடும்பத்தாரையும் நெருங்கிய நண்பர்களையும் சேர்ப்பதில்லை, அவர்களின் மதிப்புரையை அமேசான் விதிகளே அனுமதிப்பதில்லை. பிரதி வாங்கியவர்களில் பாதிப் பேர் எழுத மாட்டார்கள், அதைக் கேட்டுத் தொந்தரவு செய்யவும் கூடாது. முன்பதிவில் இருக்கும் நூலுக்கு வாசகர் மதிப்புரை போட முடியாது என்பதால், புத்தகம் அமைதியாக விற்பனைக்கு வந்த அன்று இணைப்போடு ஒரே ஒரு செய்தி அனுப்புகிறேன். அறிவிப்பு நாளில் வருகிற புதிய வாசகர், நாலைந்து பேராவது படித்து எழுதியிருப்பதைப் பார்ப்பார். இந்த ஏற்பாட்டில் எனக்குக் கிடைத்த பெரிய பலன் இதுதான்.

அறிவிப்பு நாளன்று கோப்பிலோ விவரங்களிலோ கை வைப்பதில்லை. சின்னத் திருத்தமும் மறுபடி பரிசீலனைக்குப் போகும். ஏற்கெனவே வாங்கியவர்களின் கருவியில், தானியங்கிப் புதுப்பிப்பு இல்லையென்றால், பழைய பிரதியேதான் இருக்கும். முதல் எழுத்துப்பிழையைச் சுட்டிக்காட்டும் செய்தி அன்றைக்கே வரும். நன்றி சொல்லிக் குறித்துவைத்துக்கொண்டு, பிறகு மொத்தமாகத் திருத்தலாம். அமேசானின் விற்பனைத் தரவரிசையைத் திறந்து திறந்து பார்ப்பதை நிறுத்தியதில் எனக்கு நிம்மதி.

மின்னூலை அமேசானில் மட்டும் விற்க ஒப்புக்கொள்ளும் கேடிபி செலக்ட் திட்டம் பற்றிக் கேட்பார்கள். சேர்ந்தால் 90 நாளைக்கு மின்னூலை வேறெங்கும் விற்க முடியாது, உங்கள் சொந்த இணையதளத்திலும்கூட. அச்சு நூலுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. அந்த 90 நாளில் 5 நாள் இலவசமாகத் தரலாம். அதை வெளியீட்டு வாரத்தில் செலவழிப்பது வீண் என்பது என் கட்சி. காசு கொடுத்து வாங்கத் தயாராக இருப்பவர்கள் வருவதே அந்த வாரத்தில்தான். இரண்டு மாதம் கழித்து விற்பனை மந்தமாகும்போது வைத்துக்கொள்கிறேன். இந்தச் சேர்க்கையைத் தானாகப் புதுப்பிக்கும் தேர்வை முதல் நாளே நீக்கிவிடுங்கள்.

முன்பதிவுக்கு வருவோம். மின்னூலுக்கு ஒரு வருடம் முன்பிருந்தே திறந்துவைக்கலாம். ஆனால் இறுதிக் கோப்பு வெளியீட்டுக்கு 72 மணிநேரம் முன்பே போய்ச் சேர வேண்டும். தவறினால் முன்பதிவு ரத்தாகும், அடுத்த ஒரு வருடத்துக்குப் புதிதாக வைக்கவும் முடியாது. ஆர்டர் வருகிற அன்றே அது தரவரிசையில் கணக்காகிவிடுகிறது. எல்லாம் சேர்ந்து வெளியீட்டு நாளில் ஒரு பெரிய தாவலாக வரும் என்ற நம்பிக்கை பொய். முதல் புத்தகம் போடுபவர்களுக்கு நான் இதைச் சிபாரிசு செய்ய மாட்டேன். காத்திருக்கும் வாசகர் ஏற்கெனவே இருந்தால் கதை வேறு. நான் அடுத்துக் கொண்டுவரும் நூல் ஒரு தொடரின் இரண்டாம் பாகம். அதற்கு மட்டும் முன்பதிவைத் திறந்து, முதல் பாகத்தின் கடைசிப் பக்கத்தில் இணைப்பைச் சேர்க்கப் போகிறேன்.